இழுப்பறையில் இருந்த லிம்பெட்

இந்த எபிசோடை ஒரு பரீட்சைக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். விலங்கியல் படித்தவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாரானவர்கள் பலருக்கும் இது தெரிந்திருக்கும். "வளைதசைப் புழுக்களுக்கும் மெல்லுடலிகளுக்கும் இடைப்பட்ட இணைப்பு உயிரி எது?" கீழே நாலு விடை இருக்கும். அதில் ஒன்று நியோபிலினா. அதை டிக் பண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன். அது எவ்வளவு பெரிசு, எந்தக் கடலில் கிடைத்தது, யார் முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், எதுவுமே கேட்டதில்லை. ஒரு மார்க் வந்தால் போதும்னு இருந்த காலம்.

பல வருஷம் கழித்து அதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, நான் டிக் பண்ணின அந்த விடையை இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். இரண்டாவதுதான் என்னை இந்த எபிசோட் பண்ண வைத்தது. நியோபிலினா கடலிலிருந்து மேலே வருவதற்கு 56 வருஷம் முன்னாலேயே, அதன் நெருங்கிய சொந்தக்காரன் ஒருத்தன் பெயரோடு, வர்ணனையோடு அச்சில் வந்தாகிவிட்டது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் ஆழ்கடல் லிம்பெட் என்று. அது என்ன என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் லிம்பெட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியில் அலை அடிக்கிற பாறைகளைக் கிட்டப் போய்ப் பாருங்க. குட்டித் தொப்பியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சுருள் இருக்காது, வெறும் கூம்புதான். ஆனால் அதுவும் நத்தைதான். சின்ன வயதில் நகத்தால் நெம்பி எடுக்கப் பார்த்து நகம் பிய்ந்ததுதான் மிச்சம். "தொட்டதும் அது இறுக்கிக்கும்டா, அதுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே ஒரே தட்டுல தட்டணும்" என்றார் கூட வந்த மாமா. அந்தப் பிடிப்புக்குக் காரணம் ஓட்டையும் பாதத்தையும் இணைக்கிற தசை. இந்தத் தசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

கூம்புத் தொப்பி என்பது கடலில் ரொம்ப வசதியான உடுப்பு. மேலே இருந்து எது வந்தாலும் ஓடு தாங்கும், கீழே பாதம் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நத்தைக் குடும்பங்கள் பல, தனித்தனியாக, பலமுறை இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆழ்கடலிலும் அப்படித்தான். அங்கே இருக்கிற குட்டி லிம்பெட்டுகளின் வாழ்க்கையைக் கேட்டால் சிரிப்பு வரும். சில வகை மூழ்கிப்போன மரக்கட்டையில் மட்டும் வாழும். சில வகை, கணவாய் செத்த பிறகு கடல் தரையில் விழுகிற அதன் அலகில். இன்னும் சில, சுறாவும் திருக்கையும் இட்டுவிட்டுப் போன முட்டைக் கூட்டில். புழு கட்டின குழாயின் மேல் வாழ்வதும் உண்டு. உள்ளே இருக்கும் உடல் ஒவ்வொன்றிலும் வேறு. வெளியே எல்லாம் அதே தொப்பி. ஓட்டை மட்டும் பார்த்து, "இது லிம்பெட்" என்று சொல்வது, தெருவில் குடை பிடித்துப் போகிற எல்லாரும் ஒரே குடும்பம் என்று சொல்வது மாதிரி.

இப்போது 1890-களுக்குப் போவோம். மொனாக்கோவின் இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டுக்கு ஆட்சியை விடக் கடல்தான் பிடிக்கும். சொந்தக் கப்பல்களில் ஆழ்கடல் ஆராய்ச்சிக்குப் போனவர். முதல் கப்பலின் பெயர் ஹிரோண்டெல், அடுத்தது பிரின்செஸ் ஆலிஸ். போர்ச்சுகலுக்கு மேற்கே அட்லாண்டிக் நடுவில் இருக்கிற அசோர்ஸ் தீவுகளைச் சுற்றி அவர் திரும்பத் திரும்ப வலை இறக்கினார். மேலே வந்த சேற்றையும் சரளையையும் சலித்துப் பிரித்து, ஒவ்வொரு வகை உயிரையும் அந்தந்த நிபுணருக்கு அனுப்புவார்கள். நத்தை, சிப்பி எல்லாம் பிலிப் டாட்சன்பெர்க், ஆன்றி ஃபிஷர் இருவரிடம் போயின. டாட்சன்பெர்க் சிப்பி சேகரிப்பில் பெரிய பெயர். அவருடைய சேகரிப்பு இன்று பிரஸ்ஸல்ஸ் இயற்கை அறிவியல் நிறுவனத்தில் இருக்கிறது. ஃபிஷரின் அப்பாவும் மெல்லுடலி ஆய்வாளர்.

1896-லும் 1897-லும் இவர்கள் இரண்டு நீளமான கட்டுரைகள் எழுதினார்கள். கப்பல்கள் கொண்டுவந்த நத்தை வகைகளின் பட்டியலும் வர்ணனையும். அந்தப் பக்கங்களுக்கு நடுவே ஸோக்ராஃபி என்று ஒரு குட்டி லிம்பெட், அடுத்த வருஷக் கட்டுரையில் யூக்ளிப்டா என்று இன்னொன்று. ஒரு புதிய இனத்தை அறிவிக்கும்போது அந்தக் காலத்தில் என்ன செய்வார்களோ அதை முறையாகவே செய்தார்கள். ஓட்டின் நீளம், அகலம், உயரம். உச்சி முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, நடுவில் இருக்கிறதா. மேற்பரப்பில் ஓடுகிற வரிகள். இதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. ஓடு புதுசு என்று அவர்கள் சொன்னது சரி. ஓடு யாருடையது என்பதில்தான் தவறிவிட்டார்கள்.

தவறு என்று சொல்வதுகூட நியாயமா என்று எனக்குச் சந்தேகம். காரணம் சொல்கிறேன்.

அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால், 1880-களில், ஸ்வீடனில் குஸ்டாஃப் லிண்ட்ஸ்ட்ரோம் என்கிற தொல்லுயிர் ஆய்வாளர் காட்லாந்து தீவின் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து சில தொப்பி ஓடுகளை விவரித்தார். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய புதைபடிவங்கள். அவற்றின் உட்பக்கத்தில் தசை ஒட்டியிருந்த தழும்புகள் தெரிந்தன. சாதாரண லிம்பெட்டில் இந்தத் தழும்பு குதிரை லாட வடிவில், தலை இருக்கிற பக்கம் மட்டும் திறந்து, ஒரே தொடர்ச்சியாக இருக்கும். காட்லாந்து ஓடுகளில் அப்படி இல்லை. இடமும் வலமுமாக, ஜோடி ஜோடியாக, தனித்தனிப் புள்ளிகளாக இருந்தன. அப்படியும் அவை ஏதோ பழைய லிம்பெட் என்றுதான் பல காலம் வைக்கப்பட்டிருந்தன.

அந்த ஜோடித் தழும்புகளைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது 1940 வாக்கில்தான். நத்தைகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. குஞ்சாக இருக்கும்போதே உடம்பு 180 டிகிரி முறுக்கிக்கொள்ளும். பின்னால் இருக்க வேண்டிய ஆசனவாய் தலைக்கு மேலே வந்துவிடும். கேட்க அசிங்கமா இருக்கும், ஆனா நத்தை வகுப்பையே அடையாளம் காட்டுகிற விஷயம் அதுதான். முறுக்கிக்கொண்ட உடம்பில் எட்டு ஜோடித் தசை சீராக அடுக்கி நிற்க முடியாது. ஆகவே ஜோடித் தழும்பு உள்ள விலங்கு முறுக்காத விலங்கு, நத்தையே இல்லை என்று வாதம் எழுந்தது. அவற்றுக்கு மோனோபிளாக்கோபோரா, அதாவது ஒற்றைத் தகடு சுமப்பவை என்று ஒரு தனி வகுப்பு உண்டாயிற்று. டெவோனியன் காலத்தோடு, ஏறக்குறைய 38 கோடி வருஷம் முன்பு, பூண்டற்றுப் போன வகுப்பு என்று எல்லாரும் நம்பினார்கள்.

அப்படியானால் 1896-ல் டாட்சன்பெர்க் கையில் அந்த ஓடு இருந்தபோது அதைப் போட்டு வைக்க ஒரு பெட்டியே கிடையாது. இல்லாத வகுப்பில் யாரைச் சேர்ப்பது? தவிர, இந்தக் குட்டி ஓடுகள் கண்ணாடி மாதிரி மெல்லியவை, தழும்பு லேசில் கண்ணுக்குப் படாது. பாறையில் கிடைத்த பெரிய ஓட்டில் கோடிக்கணக்கான வருஷம் கழித்தும் தெரிந்த அடையாளம், நேற்று கடலிலிருந்து வந்த ஓட்டில் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இனி டென்மார்க். 1950 அக்டோபரில் கலாத்தியா என்ற கப்பல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பியது. பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலை வாங்கி மாற்றியமைத்து, 12 கிலோமீட்டர் எஃகுக் கயிறு சுற்றி, உலகத்தின் ஆழமான பள்ளங்களில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்ட பயணம். இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. கலாத்தியா என்ற பெயர் அதற்கு நூறு வருஷம் முந்தைய ஒரு டேனிஷ் கப்பலின் பெயர். 1845-ல் உலகம் சுற்றக் கிளம்பிய அந்தக் கப்பலுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, டென்மார்க் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்ட தரங்கம்பாடியை முறைப்படி ஒப்படைப்பது. நம்ம ஊர் டேனிஷ் கோட்டையில் கொடி இறங்கிய கதையும் இந்தக் கதையும் ஒரே பெயரில் போய் முட்டுகின்றன. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

1952 மே 6. பயணம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, கப்பல் வீடு திரும்ப இரண்டு மாதம்கூட இல்லை. மத்திய அமெரிக்காவின் மேற்கே, கோஸ்டா ரிகாவுக்கு அப்பால் பசிபிக்கில் 3,570 மீட்டர் ஆழத்தில் வலை இழுத்தார்கள். கறுத்த களிமண் சேறு. அதில் பத்து உயிரிகள், மூன்று வெறும் ஓடுகள். பெரியது நாலு சென்டிமீட்டருக்கும் குறைவு. வெளிறிய, மெல்லிய தொப்பி. மேலே இருந்து பார்த்தால்? லிம்பெட்.

ஆனால் இந்த முறை இரண்டு அதிர்ஷ்டம். ஒன்று, ஓட்டுக்குள் உடம்பு இருந்தது, கெடாமல் பதப்படுத்தப்பட்டும் இருந்தது. இரண்டு, அது ஹென்னிங் லெம்கே என்பவர் மேசைக்குப் போனது. கோபன்ஹேகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஓடில்லாத கடல் நத்தைகளை ஆராய்ந்தவர் அவர். ஓடே இல்லாத பிராணிகளோடு வாழ்ந்தவருக்கு உடம்பைத் திருப்பிப் பார்ப்பதுதான் முதல் பழக்கம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஊகம்.

திருப்பிப் பார்த்தால் வட்டமான பாதம். அதைச் சுற்றிய பள்ளத்தில் ஐந்து ஜோடிச் செவுள்கள். எந்த நத்தைக்கும் ஐந்து ஜோடி கிடையாது. ஆசனவாய் இருக்க வேண்டிய இடத்தில், பின்னால். ஓட்டோடு சேர்ந்த தசைகள் எட்டு ஜோடி, தனித்தனியாக. மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது கழிவுநீக்க உறுப்புகள் ஆறு ஜோடி. காட்லாந்துப் பாறையில் தழும்பாக மட்டுமே தெரிந்த விலங்கு, தழும்பை உண்டாக்கிய தசையோடு மேசையில் கிடந்தது. 1957 பிப்ரவரியில் நேச்சர் இதழில் லெம்கே அறிவித்தார். பைலினா என்ற புதைபடிவப் பேரினத்தை நினைத்து நியோபிலினா, அதாவது புதிய பைலினா. கப்பலின் நினைவாக கலாத்தியே. 1938-ல் சீலகாந்த் மீன் கிடைத்தபோது உலகம் ஆச்சரியப்பட்டது. அதன் புதைபடிவத் தொடர் அறுந்தது ஏழு கோடி வருஷத்துக்குள்தான். இங்கே இடைவெளி அதைப் போல ஐந்து மடங்கு. 1959-ல் லெம்கேயும் விங்ஸ்ட்ராண்டும் சேர்ந்து உள்ளமைப்பு முழுவதையும் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள். அதே வருஷம் அமெரிக்காவின் வீமா கப்பல் பெரு அருகே பிடித்த இன்னொரு இனமும் அறிவிக்கப்பட்டது. அதற்குச் செவுள் ஆறு ஜோடி.

என் வருத்தம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1896-ஐ மன்னிக்கலாம். 1957-க்குப் பிறகு பெட்டி இருந்தது, பெயர் இருந்தது, எதைத் தேட வேண்டும் என்ற படமும் இருந்தது. இருந்தும் அந்த அசோர்ஸ் லிம்பெட்டுகளை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை, கால் நூற்றாண்டு வரை. ஏன்? நியோபிலினா என்றால் பெரியது, பள்ளத்தாக்கில் இருப்பது, பசிபிக்கில் இருப்பது என்று ஒரு பிம்பம் உறைந்துவிட்டது. அட்லாண்டிக்கில், பழைய கட்டுரையில், அரிசி மணி அளவில் ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. புதிது தேட எல்லாருக்கும் கப்பல் வேண்டியிருந்தது. இழுப்பறையைத் திறக்கக் கப்பல் தேவையில்லை, அதனாலேயே அது யார் நினைவுக்கும் வரவில்லையோ என்னவோ.

பிம்பம் உடையத் தொடங்கியது கலிபோர்னியாவில். லாஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் மெக்லீன் லிம்பெட்டுகளிலேயே ஊறியவர். 1979-ல் தெற்குக் கலிபோர்னியாவின் கண்டத்திட்டில், சில நூறு மீட்டர் ஆழத்திலேயே கிடைத்த ஒரு குட்டி மோனோபிளாக்கோபோராவை அவர் அறிவித்தார். இன்றைய பெயர் லேவிபிலினா ஹயலினா. ஹயலினா என்றால் கண்ணாடி போன்றது. கட்டுரைத் தலைப்பில் அவர் அதை மோனோபிளாக்கோபோரா லிம்பெட் என்றே எழுதினார். வடிவத்துக்கு ஒரு சொல், வம்சத்துக்கு ஒரு சொல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தத் தலைப்பு எனக்கு ஒரு நேர்மையான வாக்குமூலம் மாதிரி தெரிகிறது.

ஆக, இவை சின்னதாகவும் இருக்கும், அவ்வளவு ஆழம் இல்லாத இடத்திலும் இருக்கும். அப்படியென்றால் பழைய சேகரிப்புகளில் குட்டி லிம்பெட் என்று எழுதி வைத்ததெல்லாம்? பாரிஸின் பிலிப் பூஷே, மெக்லீன், ஸ்வீடனின் ஆந்தர்ஸ் வாரேன் மூவரும் 1983-ல் வட அட்லாண்டிக் மோனோபிளாக்கோபோராக்கள் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். மொத்தம் இரண்டே பக்கம். அந்த வருஷங்களில்தான் இளவரசரின் லிம்பெட்டுகள் தங்கள் சொந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தன.

கடைசியில் எப்படித்தான் பிரித்தறிகிறார்கள்? எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் குட்டி ஓடும் நிறையப் பேசுகிறது. உச்சியில் குஞ்சுப் பருவத்து ஓடு ஒட்டியிருக்கும். நத்தை வம்சம் என்றால் அதில் கொஞ்சமாவது கோணலோ சுருளோ இருக்கும். மோனோபிளாக்கோபோராவில் அது குமிழ் மாதிரி சீராக இருக்கும். ஓட்டின் மேல்தளத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் தனி வலைப்பின்னல். பிறகு ரம்பம் போன்ற நாக்கு, அதன் பல் வரிசை. இப்போது மரபணுவும். இவற்றையெல்லாம் விவரித்து, ஒரு தனி மாதிரியை இதுதான் இந்தப் பெயருக்கு உரியது என்று முத்திரை குத்தி அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். பின்னால் வருகிறவர், "இவங்க சொன்னது சரியா?" என்று சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்கத்தான் அது. டாட்சன்பெர்க்கும் ஃபிஷரும் வர்ணித்ததைப் பின்னால் வந்தவர்கள் திருத்த முடிந்தது, அவர்கள் வர்ணித்ததாலும் வைத்ததாலும்தான்.

சரி, அந்தப் பரீட்சை விடை என்ன ஆச்சு? உறுப்புகள் வரிசை வரிசையாகத் திரும்ப வருவதைப் பார்த்த லெம்கே, இது புழுவின் கண்டங்கள் மாதிரி, மெல்லுடலிகள் கண்டமுள்ள மூதாதையிலிருந்து வந்தவை என்றார். பாடப்புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் எண்ணிப் பாருங்க, செவுள் ஐந்து, கழிவு உறுப்பு ஆறு, தசை எட்டு. புழுவில் ஒரு கண்டத்துக்கு ஒரு செட் என்று கணக்கு ஒத்துப்போகும். இங்கே ஒத்துப்போகவில்லை. உறுப்புகள் பெருகியிருக்கின்றன, உடம்பு கண்டங்களாகப் பிரியவில்லை. இணைப்பு உயிரி என்ற பட்டம் அதனால்தான் உதிர்ந்தது. வம்சத்தில் இடம் எங்கே என்பதிலும் சண்டை ஓயவில்லை. 2006-ல் ஒரு மரபணு ஆய்வு, இவை எட்டுத் தகடு கொண்ட கைட்டான்களுக்குப் பக்கத்து வீடு என்றது. 2011-ல் இன்னொன்று கணவாய், ஆக்டோபஸ் வம்சத்தோடு சேர்த்தது. 2020-ல் வந்தது, ஓடுள்ள மற்ற மெல்லுடலிகள் எல்லாவற்றுக்கும் வெளியே முதலில் பிரிந்த கிளை என்றது. நம் புத்தகங்களில் இன்னமும் அதே ஒரு மார்க் கேள்விதான்.

இன்று வாழும் மோனோபிளாக்கோபோராக்கள் சுமார் 30 இனம் தெரியும். அன்டார்டிக் கடலில் ஒன்று, மைக்ரோபிலினா ஆர்ன்ட்ஸி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான், ஓட்டுக்குள்ளேயே குஞ்சைச் சுமக்கிறது. வட பசிபிக்கின் நடுவில் 6,000 மீட்டருக்கும் கீழே கிடைத்து 1972-ல் அறிவிக்கப்பட்ட ஒலிகோட்ரோஃபா இன்னொன்று. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடைப்பட்ட கடல் தரையில் உருளைக்கிழங்கு மாதிரி மாங்கனீசு முடிச்சுகள் கிடக்கின்றன. அவற்றை வாரி எடுக்க உரிமங்கள் கொடுக்கப்பட்டிருக்கும் அந்தப் பகுதியிலும் மோனோபிளாக்கோபோரா இருக்கிறது. இந்தியாவுக்கும் மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதே முடிச்சுகளுக்காக. அதற்கான கருவிகளைச் செய்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் சென்னையில், பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. அந்தச் சேற்றில் ஒரு மில்லிமீட்டர் தொப்பி வந்தால், வாரி எடுக்கும் இயந்திரம் போவதற்கு முன்னால் அதைத் திருப்பிப் பார்க்க ஆள் வேண்டும்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். விலங்கியலில் முதலில் வைத்த இனப்பெயர்தான் செல்லும். விலங்கு வேறு வகுப்புக்கே போனாலும் அந்தப் பெயர் கூடவே போகும். பேரினம் மாறியிருந்தால், பெயர் வைத்தவர்களை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது விதி. அதனால் இன்றைய பட்டியலில் அந்த அசோர்ஸ் லிம்பெட்டைத் தேடினால் இப்படி இருக்கும்: வெலெரோபிலினா ஸோக்ராஃபி (டாட்சன்பெர்க், ஃபிஷர், 1896).